நாமத்துக்கு அடியில் என்ன நிறம்?

மலையேறும் எந்தக் காரும் அலிபிரி சோதனைச் சாவடியில் நிற்காமல் போக முடியாது. நான்கு கதவுகளும் திறக்கப்படும். டிக்கி திறக்கப்படும். பைகளெல்லாம் இறங்கி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் வரும். தேடப்படுவது மது, சிகரெட், இறைச்சி, ஆயுதம். 2003 அக்டோபர் 1 அன்று அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடு சென்ற கார் அலிபிரி அருகே கண்ணிவெடியில் சிக்கி, அவர் உயிர் தப்பினார். அதை நினைவில் வைத்திருக்கும் எவரும் இந்தச் சோதனையைக் குறை சொல்வதில்லை.

அதே கார் ஏழெட்டு வருஷம் கழித்து, கீழே திருப்பதி ஊருக்குள் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் இன்னொரு சோதனைக்கு நிற்கும். அங்கேயும் நான்கு கதவுகள், அங்கேயும் டிக்கி. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை நகத்தால் விலக்கி, அதற்கு அடியில் நிறம் எப்படி முடிகிறது என்று பார்க்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டி மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டதா?

திருப்பதியில் இந்தக் கேள்விக்கு மவுசு அதிகம். கோயில் தரும் பிழைப்பில் பெரும்பங்கு சக்கரத்தின் மீது ஓடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து காளஹஸ்திக்கு, திருச்சானூருக்கு, காணிப்பாக்கத்துக்கு என்று இரவு பகலாக ஓடும் வாடகைக் கார்கள் ஒரு கட்டத்தில் ஓய்வு பெற வேண்டும். ஜீப்புகள் போய் சுமோ வந்தது, குவாலிஸ் வந்தது, பிறகு இன்னோவாவும் டிசையரும். ஓய்வு பெறும் வண்டிகளை வாங்க சித்தூரிலிருந்தும், எல்லைக்கு இந்தப் பக்கம் வேலூர், சோளிங்கர், திருத்தணியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது கோடு மாறியதே தவிர உறவும் வியாபாரமும் மாறவில்லை. பட்டறைப் பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ், டிங்கரிங் சமாசாரம் மட்டும் முழுக்க ஆங்கிலம்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அண்ணா, பெயின்ட் வேலை ஏதாவது பார்த்திருக்கா?"

"அதெல்லாம் லேது தம்பி. கம்பெனி பெயின்ட். பம்பர்ல மட்டும் கொஞ்சம் டச்-அப்பு."

டச்-அப்பு என்ற சொல் ரப்பரைப் போல இழுபடக்கூடியது. கட்டை விரல் அளவு கீறலும் அதற்குள் அடங்கும். ஒரு பக்கக் கதவு இரண்டும் மாறியதும் அடங்கும்.

இழுபடும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பணம். ஊர்ப்பக்கம் ஒரு டிரைவர் சம்பளத்துக்கு ஓட்டியது போதும் என்று சேமிப்பையும், மனைவியின் நகையை அடகு வைத்த தொகையையும், பைனான்ஸ்காரர் தரும் மிச்சத்தையும் சேர்த்து ஒரு பழைய டிசையர் வாங்குகிறார் என்றால், அந்த வண்டி விபத்தில் முகம் நசுங்கி எழுந்ததா என்பது அவருக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல. நசுங்கிய முன்பாகத்தைச் சரியாக நேராக்காவிட்டால் டயர் ஒரு பக்கம் தேயும், ஸ்டியரிங் இழுக்கும், அடுத்த விபத்தில் ஏர்பேக் விரியுமா என்பதும் சந்தேகம். தவணை மட்டும் தவறாமல் வரும்.

திருமலைச் சாலை கார்களை எப்படி வளர்க்கிறது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். 1944இல்தான் மலைக்கு முதல் வண்டிப்பாதை வந்தது. அதுவரை படிக்கட்டு, அல்லது டோலி. சர் எம். விசுவேசுவரய்யாவின் யோசனைகளோடு அமைந்த அந்தப் பாதை, கொண்டை ஊசி வளைவுகளாக மலையைச் சுற்றி ஏறியது. 1974இல் இரண்டாவது பாதை தயாரானது. பழையது இப்போது இறங்குவதற்கு, புதியது ஏறுவதற்கு. ஒவ்வொன்றும் பதினெட்டுப் பத்தொன்பது கிலோமீட்டர். அவசரக்காரர்களை அடக்க தேவஸ்தானம் நேரக் கணக்கே வகுத்தது: ஏற 28 நிமிஷம், இறங்க 40 நிமிஷம். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அபராதம்.

இந்தச் சாலையில் தினமும் ஏறி இறங்கும் காருக்கு மலை சில அடையாளங்களைப் போடுகிறது. முன்னால் போகும் பஸ்ஸின் சக்கரம் தெறிக்கும் பொடிக் கற்கள் பானட்டின் முன் விளிம்பில் கடுகு கடுகாகப் பெயின்ட்டைப் பெயர்த்துவிடும். இறங்கும்போது குறுகலான வளைவில் கைப்பிடிச் சுவர் பம்பரின் மூலையை முகர்ந்து பார்க்கும். மேலே வெயிலில் நிறுத்தினால் குரங்குகள் கூரையில் குதிக்கும், வைப்பரைப் பிடித்து ஆடும். சலித்த பிரேக் தூள் அலாய் சக்கரத்தில் பழுப்பேறி நிற்கும். புது வண்டிக்குப் பூஜை போட்டு பானட்டில் பூசிய மஞ்சள் கழுவிய பிறகும் வெள்ளை நிறத்தில் மங்கலாக நிற்பதுண்டு.

ஆகவே எட்டு வருஷம் மலைக்கு ஓடிய டாக்ஸியின் பானட்டில் ஒரு கல் தழும்புகூட இல்லை, கண்ணாடி போலப் பளபளக்கிறது என்றால், சந்தோஷப்படுவதற்குப் பதில் சந்தேகப்படுவதே முறை. வண்டியின் எல்லா உறுப்புக்கும் ஒரே வயது இருக்க வேண்டும். பெயின்ட் பார்த்து வாங்குவதில் உள்ள சூட்சுமம் இதுதான். ஒரு ஹெட்லைட் மஞ்சள் பாரித்து, மற்றொன்று தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால், தெளிவாக இருப்பதன் பக்கத்து மட்கார்டைக் குனிந்து பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்ட குறியில் தயாரிப்பு ஆண்டுக்கான அடையாளம் இருக்கும். மூன்று கண்ணாடி ஒரு வருஷம், நான்காவது இரண்டு வருஷம் இளையது என்றால் அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்த துணிச் சீட்டில் தேதி தெரியும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சாட்சியும் உண்டு: நாமம். பின் கண்ணாடியில், பானட்டில், கதவில், டிக்கியில் ஸ்டிக்கர் நாமமோ சங்கு சக்கரமோ இல்லாத வாடகை வண்டியைத் திருப்பதியில் தேட வேண்டியிருக்கும். விற்கும்போது டிராவல்ஸ் பெயரோடு இவற்றையும் உரித்துவிடுவார்கள். ஆனால் பல வருஷம் வெயில் பட்ட உலோகத்தில் ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் மங்காமல் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் நாமத்தின் நிழல் தெரியும். டிராவல்ஸ் பெயரின் எழுத்துகளைக்கூடப் படித்துவிடலாம். அந்த நிழல் இருப்பது நல்ல செய்தி. அந்தத் தகடு பழைய பெயின்ட்டோடு, பழைய வெயிலோடு, அப்படியே இருக்கிறது. மூன்று கதவிலும் எழுத்தின் நிழல் இருந்து நான்காவதில் மட்டும் துடைத்து எடுத்தாற்போல இருந்தால், அங்கே பெருமாளையும் சேர்த்து மூடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பெயின்ட்டைப் படிக்க, அது எப்படி ஏறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் வெறும் தகடாக, கண்ணாடியோ ரப்பரோ விளக்கோ பொருத்துவதற்கு முன்பே கார் உடல் முழுவதும் தொட்டியில் முங்கி, மின்சாரத்தின் உதவியால் அடிப்பூச்சு ஏற்றுக்கொள்கிறது. அது பெரிய அடுப்பில் வேகும். பிறகு பிரைமர், நிறம், அதன்மேல் கிளியர் கோட், மறுபடி 140 டிகிரி அளவில் வேக்காடு. பட்டறையில் இப்படிச் செய்ய முடியாது. வண்டியில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒயரும் ஏற்கெனவே இருக்கின்றன, 140 டிகிரி காட்டினால் உருகிவிடும். அதனால் அங்கே பழைய செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் சுற்றி ஸ்ப்ரே கன்னால் அடித்து, வெயிலிலோ மிதமான சூட்டிலோ உலரவிடுகிறார்கள். மறுபெயின்ட்டின் எல்லாத் தடயங்களும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறக்கின்றன.

டேப் ஒட்டிய இடத்தில் நிறம் ஒரு மெல்லிய படியாக முடியும். பீடிங்குக்கு அடியில் நகத்தை ஓட்டினால் அந்தப் படி தட்டுப்படும். தொழிற்சாலைப் பெயின்ட்டில் படியே இருக்காது, பீடிங் பிறகுதானே வந்தது. டேப்பைத் தாண்டி காற்றில் பறந்த தூள் சக்கர வளைவின் கறுப்புப் பிளாஸ்டிக்கில், சைலன்சரில், கண்ணாடி ரப்பரில் மணலாக ஒட்டியிருக்கும். மட்கார்டும் பானட் கீலும் பொருந்தும் போல்ட்டுகளின் தலையில் நிறம் உடைந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. அவற்றை யாரோ கழற்றியிருக்கிறார்கள். பானட்டின் உள்விளிம்பில் கம்பெனி போடும் சீலன்ட் இயந்திரத்தின் கோடு போல ஒரே சீராக ஓடும். கையால் போட்டது முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

வெளித்தோற்றத்தை நடுப்பகல் வெயிலில் பார்ப்பது வீண். காலையில், அல்லது நாலரை மணிக்குச் சேஷாசலத்தின் பின்னால் சூரியன் சாயத் தொடங்கும்போது, முன் விளக்கின் பக்கம் குந்தி உட்கார்ந்து வண்டியின் நீளத்துக்குக் கண்ணை ஓட்ட வேண்டும். மின்கம்பம் ஒன்றின் பிம்பம் கதவு கதவாக ஓடி வரும்போது எங்காவது நெளிந்தால், அங்கே பட்டி இருக்கிறது. பரப்பு கமலாப்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருப்பதைக் கவனிக்கலாம். ஆனால் கம்பெனிப் பெயின்ட்டிலும் கொஞ்சம் தோல் உண்டு. ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் அது வேறுபடுகிறதா என்பதே கேள்வி. சாதா வெள்ளையை நிறம் பிடித்து ஒட்டுவது சுலபம். சில்வரில்தான் கைதேர்ந்த பெயின்ட்டருக்கும் வியர்க்கும். உள்ளே உள்ள அலுமினியத் துகள்கள் ஸ்ப்ரேயின் வேகத்துக்கும் தூரத்துக்கும் ஏற்பப் படுக்கும். நேரே பார்த்தால் ஒன்றாகவும் பக்கவாட்டில் பார்த்தால் வேறாகவும் தெரியும். பம்பரின் நிறம் உடலிலிருந்து சற்றே மாறுபடுவதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிளாஸ்டிக் என்பதால் அதைத் தனியாக அடிக்கிறார்கள். ஷோரூம் வண்டியிலேயே அந்த வித்தியாசம் தெரிவதுண்டு.

பழைய ஆட்கள் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்தால் ஒட்டும். அடியில் பட்டி கனமாக இருந்தால் வழுக்கி விழும். இப்போது கைக்கடக்கமான பெயின்ட் மீட்டர் வந்துவிட்டது. பழைய கார் விற்கும் பெரிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் அறிக்கை எழுதுகிறார்கள். கம்பெனிப் பெயின்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தாண்டாத ஒரு படலம். அதன்மேல் மறுபடி அடித்திருந்தால் 200, 300 காட்டும். 500ஐத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் அது பெயின்ட் அல்ல, பட்டி. ஆனால் மீட்டரும் ஏமாறும். கதவையே கழற்றிவிட்டுப் புதுக் கதவு போட்டு, அதற்குப் பக்குவமாகப் பெயின்ட் அடித்தால் எண் யோக்கியமாகவே வரும். அங்கே போல்ட் தலைதான் பேசும்.

எந்த இடம் என்பதில் இருக்கிறது எல்லாம். பம்பர், கதவு, மட்கார்ட், பானட் இவை கழற்றிப் பூட்டுகிற சாமான்கள். இவற்றில் பெயின்ட் பட்டால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான். மலைச்சுவர் உரசாத டாக்ஸி எது? கூரை, கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்கள், இன்ஜினுக்கு இரு பக்கமும் உள்ள ஏப்ரான், ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம், டிக்கியின் தரை இவை பற்ற வைத்த எலும்புகள். இங்கே நிறம் மாறியிருந்தால், தொழிற்சாலை போட்ட வட்டமான ஸ்பாட் வெல்டிங் குழிகள் ஒழுங்காக இல்லாமல் கேஸ் வெல்டிங் தழும்பு தெரிந்தால், அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. கூரை முழுக்கப் புதிதாக அடித்திருந்தால் கவிழ்ந்த வண்டியா என்று கேட்டே ஆக வேண்டும். குரங்கு குதித்தது என்பார்கள். குரங்கு குதித்தால் நெளியும், தூண் வளையாது.

ஒரு காலத்தில் இதையெல்லாம் யாரும் ஒளித்ததில்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாளில் வெயிலில் நிறம் வெளுப்பதும், சில வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டி மறுபடி அடிப்பதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. பொங்கலுக்கு முன் பெயின்ட் அடித்த அம்பாசடருக்கு விலை கூடத்தான் செய்தது. வாங்குபவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், சைலன்சர் புகையைப் பார்த்தார். அதில் ஒற்றை அடுக்குப் பெயின்ட். பாலிஷ் துணியில் தேய்த்தால் வண்டியின் நிறமே துணிக்கு வந்துவிடும். கிளியர் கோட் மெட்டாலிக் நிறங்கள் பரவிய பிறகு ஒரிஜினல் பெயின்ட் என்பது ஒரு சான்றிதழ் ஆயிற்று. சான்றிதழ் என்று ஒன்று வந்தால் போலியும் வரும்.

எல்லாப் போலியும் விபத்தை மறைப்பதற்கு அல்ல. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பு என்று கணக்குத் தீர்த்த வண்டிகள் ஏலத்துக்குப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. திருப்பதிக்கே 2021 நவம்பரில் வந்தது. தெருக்களில் கார்கள் மிதந்தன, மலைப்பாதையில் பாறைகள் உருண்டன. வெள்ளத்தில் நின்ற காருக்கு வெளிப்பெயின்ட் கெடுவதில்லை. அதனால் அதை வேறு இடத்தில் தேட வேண்டும். அடிப்பாகத்தில் புதிதாகத் தார்ப்பூச்சு, சீட்டை நகர்த்தும் தண்டவாளத்தில் கறுப்புப் பெயின்ட், ஸ்டெப்னிக் குழியில் பளிச்சென்ற சில்வர். பத்து வயது வண்டியின் சீட்டுக்கு அடியில் யாரும் அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதில்லை.

சேஷாசலக் காடு தரும் சரக்கும் உண்டு. உலகில் இந்தப் பக்கத்து மலைகளை விட்டால் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரத்தைக் கடத்திப் பிடிபடும் வண்டிகள், போலி நம்பர் பிளேட்டோடு, காவல் நிலையங்களிலும் வனத்துறை வளாகங்களிலும் வருஷக்கணக்கில் வெயில் மழையில் கிடக்கும். கிளியர் கோட் தோல் உரிந்து செதில் செதிலாக நிற்கும் அவற்றை அரசுடைமையாக்கிய பின் ஏலம் விடுவார்கள். முறையாக ஏலத்தில் எடுத்துப் பெயின்ட் அடித்து விற்பதில் தப்பில்லை. முறையற்ற வழியில் வந்ததைப் பெயின்ட் காட்டிக்கொடுக்காது. சேஸிஸ் எண் வெட்டிய இடத்தைச் சுற்றி அரம் போட்ட கீறலோ, அங்கே மட்டும் புது நிறமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காகிதங்களும் நிறத்தைப் பற்றிப் பேசும். ஆர்.சி.யில் நிறம் ஒரு பதிவு. சிவப்பு வண்டியை வெள்ளையாக்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்த வேண்டும். (ராணுவப் பச்சையை மட்டும் எந்த ஆர்.டி.ஓ.வும் தர மாட்டார். அந்த நிறம் பாதுகாப்புப் படை வண்டிகளுக்கே என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது.) மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாறிய வண்டியென்றால் அந்த வரலாறு பதிவில் இருக்கும். காப்பீட்டுப் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்பது இன்னும் நல்ல சாட்சி. ஆறு வருஷ வண்டிக்கு அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், போன வருஷம் யாரோ கிளெய்ம் வாங்கியிருக்கலாம். புதிதாக உரிமையாளர் மாறினாலும் பூஜ்யமாகும். ஆகவே முந்தைய பாலிசியையும் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால் எந்தக் கிலோமீட்டரில் எந்தக் கதவு மாறியது என்பதுவரை வரும், உரிமையாளர் சம்மதித்தால். சம்மதிக்காதவரிடம் வேறு சாட்சி எதுவும் தேட வேண்டியதில்லை.

ஏபி 03 என்று தொடங்கும் சித்தூர் வண்டியையோ, 2019க்குப் பிறகு மாநிலம் முழுவதற்கும் வந்த ஏபி 39 வண்டியையோ வேலூருக்குக் கொண்டுபோகிறவருக்கு இன்னும் இரண்டு செலவு காத்திருக்கிறது. ஆந்திர ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரி. பேரம் பேசும்போது இவற்றைக் கழித்துத்தான் விலை சொல்ல வேண்டும். கதவு ஒன்றுக்குப் பட்டறை வாங்கும் பெயின்ட் கூலியை விசாரித்து அதையும் கழிக்கலாம். விற்பவர் முதலில் மறுப்பார். பீடிங்கை விலக்கி நகத்தால் அந்தப் படியைத் தடவிக் காட்டினால், "சரி தம்பி, ஒரு ஆட்டோக்காரன் இடிச்சான்" என்று கதை அங்கிருந்து ஆரம்பிக்கும். ஆட்டோ இடித்த உயரமும் கதவில் பட்டி இருக்கும் உயரமும் ஒன்றுதானா என்று அளந்து பார்த்துவிட்டு, பிறகு கையைக் குலுக்கலாம்.